டர்பன் மட்டன் பன்னி சாப்பிட்டால் மறுநாள் வயிறு கலங்குவது ஏன்?

ராத்திரி காரமான மட்டன் பன்னி (குடைந்தெடுத்த ரொட்டிக்குள் மட்டன் குழம்பு நிரப்பிய, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து உணவு) சாப்பிட்டால் காலையில் வயிறு எரிந்து இரண்டு மூன்று தடவை போகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிளகாயில் உள்ள கேப்சைசின்தான் முதல் காரணம். அது எதையும் உண்மையில் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, சுடுகிறது என்று மூளையை நம்பவைக்கிறது. அந்த முனைகள் நாக்கில் மட்டுமல்ல, குடலிலும் ஆசனவாயிலும் உண்டு. குடல் அவசரமாகத் தள்ளும்போது நீரை உறிஞ்ச நேரமில்லை. அதனால் இளகிப் போகிறது, போகும்போது எரியவும் செய்கிறது.

ஆனால் மிளகாயை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பன்னியின் அடி ரொட்டியைப் பிய்த்துப் பாருங்கள், சிவந்த எண்ணெய் விரலில் வழியும். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். படுக்க மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

வாய் எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது, கேப்சைசின் அதில் சரியாகக் கரையாது. பாலோ, அமாசி என்ற தென்னாப்பிரிக்கப் புளித்த பாலோ குடியுங்கள். அமாசி நம் தயிருக்கு நெருங்கிய சொந்தம்தான். வயிறு போனால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி போதும். மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போனால், காய்ச்சல் வந்தால், காரம்தான் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.