அத்தியாயத்தின் முதல் வரி முழுக்கக் கேப்பிட்டலில் இருந்தால்

கேள்வி: பழைய ஆங்கில நாவல் ஒன்றின் இபப் (மின்னூல்) கோப்பு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயமும் நாலைந்து கேப்பிட்டல் சொற்களோடு தொடங்குகிறது, வாக்கியத்தின் நடுவிலேயே பத்தியும் உடைகிறது. ஒரே அடியாகச் சரிசெய்ய முடியுமா?

பத்தி உடைவதைப் பெரும்பாலும் முடியும். கேப்பிட்டலை மட்டும் அப்படி மாற்றிவிடாதீர்கள்.

முதலில் கோப்பை நகல் எடுத்துக்கொண்டு, காலிபர் என்ற மின்னூல் மென்பொருளின் 'எடிட் புக்'கில் திறந்து அந்த வரி உள்ளே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே சாதாரண எழுத்தாக இருந்தால் அது வெறும் தோற்றம்தான். தோற்றத்தை முடிவுசெய்யும் சிஎஸ்எஸ் கோப்பில் 'டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம்: அப்பர்கேஸ்' என்றோ 'ஸ்மால்-கேப்ஸ்' என்றோ இருக்கும் வரியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

உள்ளேயும் கேப்பிட்டல்தான் என்றால், தேடல் முறையை 'ரெஜெக்ஸ்-ஃபங்ஷன்' (வடிவத்தை வைத்துத் தேடி, கிடைத்ததை ஒரு ஃபங்ஷனால் மாற்றும் முறை) ஆக்கி, பத்தி தொடங்கும் குறியை அடுத்துத் தொடர்ந்து வரும் கேப்பிட்டல் சொற்களைத் தேடச் சொல்லி, 'கேப்பிட்டலைஸ் டெக்ஸ்ட்' என்ற ஃபங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் பிரித்துப் பார்க்கும் 'கேஸ் சென்சிட்டிவ்' பெட்டியை டிக் செய்ய மறக்கவே கூடாது, இல்லாவிட்டால் சின்ன எழுத்தும் சேர்ந்து சிக்கும். அப்புறம் 'ரீப்ளேஸ் ஆல்' வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அந்த ஃபங்ஷன் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக விட்டு மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கிவிடும். நடுவில் வரும் ஆள் பெயர், ஊர் பெயர், 'நான்' என்பதற்கான ஒற்றை 'ஐ' எல்லாம் அதோடு போய்விடும். நாற்பது அத்தியாயம் என்றால் நாற்பது இடம்தானே, பொறுமையாகச் செய்யலாம். சொற்களின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் 'டைட்டில்-கேஸ்' ஃபங்ஷன் தலைப்புகளுக்கு மட்டும் போதும்.

இன்னொன்று. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் ஆரம்பகால எளிய உரைக் கோப்புகளில் சாய்வெழுத்துக்குப் பதிலாகக் கேப்பிட்டல் போட்டிருப்பார்கள். அதனால் வாக்கிய நடுவில் ஒற்றைச் சொல் கேப்பிட்டலில் இருந்தால், அது ஆசிரியர் அழுத்திச் சொன்ன சொல்லாக இருக்கலாம். அதைச் சின்ன எழுத்தாக்கிச் சாய்வில் போடுங்கள், அழுத்தம் தொலையக் கூடாது.

உடைந்த பத்திக்கு வருவோம். தேடல் முறையை வெறும் 'ரெஜெக்ஸ்' ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு பத்தி சின்ன எழுத்திலோ காற்புள்ளியிலோ முடிந்து, அடுத்ததும் சின்ன எழுத்தில் தொடங்கினால் இரண்டையும் ஓர் இடைவெளி விட்டு இணைக்கச் சொல்லுங்கள். இதற்கும் அதே டிக் வேண்டும். இங்கே 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்கலாம், ஆனால் முன்னால் ஒரு 'செக்பாயின்ட்' (தவறினால் திரும்பி வருவதற்கான நிலை) போட்டுவிடுங்கள். நாவலில் கவிதை வரிகள் இருந்தால் சின்ன எழுத்தில் தொடங்குபவையும் ஒட்டிக்கொள்ளலாம், அந்தப் பக்கங்களை மட்டும் கையால் பிரித்துவிடுங்கள்.