பந்தயக் களத்துக்குப் பழைய மாருதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தை ஓட்டிய 1996ஆம் ஆண்டு மாருதி 800 எட்டு ஆண்டுகளாகத் தென்னந்தோப்புக் கொட்டகையில் நிற்கிறது. அதை வீட்டிலேயே சீராக்கி, கோவை செட்டிபாளையம் களத்தில் தொடக்கநிலைப் போட்டிகளில் ஓட்ட விரும்புகிறேன். இன்ஜினின் திறனைக் கூட்டும் வேலையிலிருந்து தொடங்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இன்ஜினைக் கடைசியாகத் தொடுங்கள். அந்த 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. செட்டிபாளையம் களம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தக் கோவைக்காரர் எஸ். கரிவர்தன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியது இதே இன்ஜினை வைத்துத்தான். ஃபார்முலா ஒன் பந்தயம்வரை சென்ற நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் அந்தக் காரில்தான் நடந்தது. எனவே இன்ஜின் உங்களைக் கைவிடாது. கைவிடக்கூடியது, எட்டு மழைக்காலங்களை ஈரத் தரைமேல் கழித்த தகடு.

மாருதி 800இல் லாரிக்கு இருப்பதுபோலத் தனியான சேசிஸ் கிடையாது. தளத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, முன்பக்க ஷாக் அப்சர்பரின் தலை வந்து அமரும் மேடை ஆகியவை ஒன்றோடொன்று பற்றி நிற்பதால்தான் வண்டிக்கு உறுதி கிடைக்கிறது. ஆகவே முதல் வாரம் முழுவதையும் துருவைத் தேடுவதற்கே ஒதுக்குங்கள். கார்பெட்டையும் இருக்கைகளையும் கழற்றிவிட்டு, ஓட்டுநரின் கால் படும் இடம், பேட்டரி அமரும் தட்டு, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் சக்கரத்தின் இணைப்புக் கைகள் தளத்தைப் பற்றும் இடங்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்றும் அரித்த தகடு மொத்தென்றும் ஒலிக்கும். வெளிப்புறத்தில் சிறு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் பட்டி (ஓட்டையையும் பள்ளத்தையும் மூடும் பசை) பூசப்பட்டிருப்பது தெரிந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு காரில், புதிதாகப் பெயின்ட் அடித்திருந்த கதவடிப் பகுதியில் என் கட்டைவிரல் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. பட்டியைச் சுரண்டிய பிறகு முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதைப் பூசி மறைத்த பட்டறைக்காரர் வண்டியின் தோற்றத்தை மட்டுமே நினைத்திருக்கிறார், உள்ளே அமரப் போகிறவரை நினைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அரித்த பகுதியின்மேல் புதுத் தகட்டைப் போர்த்தக் கூடாது. நல்ல உலோகம் தென்படும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) சிறு சிறு புள்ளிகளாக இடம் மாற்றி வைத்து வர வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள், பேட்டரி இணைப்பை நீக்குங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். வண்டியை ஸ்டாண்டுகளின்மேல் இறக்கிய பிறகே அடியில் செல்லுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, நீங்கள் ஓட்ட விரும்பும் பிரிவின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் போட்டி நடத்தும் கிளப்பிடம் வாங்கிப் படியுங்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதில்தான் இருக்கும். தந்தையின் கார் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: கழற்றும் இருக்கைகளையும் உள்ளலங்காரத்தையும் விற்காமல் பெயரெழுதிக் கட்டி வையுங்கள்.

கேள்வி: நெடுநாள் நின்ற காரின் பேட்டரியை மாற்றி நேராக ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் மீண்டும் ஊறவிடுங்கள். தாராளமாகச் சுற்றினால், புது ஆயிலும் புது டைமிங் பெல்ட்டும் போட்ட பிறகு ஸ்டார்ட் செய்யலாம். இன்ஜின் சூடானபின் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தை, அளவியால் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: அளவு ஏறினால் ரிங்குகளையும், ஏறாவிட்டால் வால்வுகளையோ கேஸ்கட்டையோ சந்தேகியுங்கள்.

ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் பிரேக்கை மறந்துவிடக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 155 டிகிரிதான். களத்தில் அடுத்தடுத்த வளைவுகளில் பிரேக் சூடேறும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டானால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் அனைத்தையும் மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்க உள்ளே பொருத்தும் குழாய்க் கூண்டு) செய்து தருவதாகச் சொல்கிறார்கள். செலவு பாதிக்கும் குறைவு. செய்யலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: கூடவே கூடாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, ஓட்டுநரின் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு, தையலற்ற, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாயைக் கேட்கிறது, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் நீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. கார் உருளும்போது விழும் அடியை அது எப்படி வாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் செய்பவரின் நுரையீரலுக்கும் கேடு. கேஜின் பாதங்கள் நிற்கும் தளத்தகட்டின்மேல் 3 மி.மீ. கனத்துக்குக் குறையாத வலுத்தகடும் தேவை. துருப்பிடித்த தளத்தில் எவ்வளவு நல்ல கேஜை நிறுத்தினாலும், விபத்தில் அது தளத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். பொள்ளாச்சி வாசகருக்குத் தகட்டைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம்.

பணத்தை மிச்சப்படுத்த வேறு இடங்கள் உண்டு. கதவு, பானெட், ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பார்த்து வாங்கலாம். ஹெல்மெட்டையும் இருக்கை வாரையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள், எஃப்.ஐ.ஏ. முத்திரையுள்ள வாருக்குக் காலாவதி ஆண்டு உண்டு, அது அதிலேயே தைக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: அக்காலத்தில் சோழவரத்துக்குக் காரை ஓட்டிச் சென்று பந்தயம் முடித்து அதிலேயே வீடு திரும்புவார்கள் என்று என் பெரியப்பா சொல்வார். நானும் கேஜ் போட்ட காரைச் சாலையில் ஓட்டலாமா? (வாசகர், திருவள்ளூர்)

பதில்: அது, சென்னைக்கு அருகே சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம். இன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. மேலும், ஹெல்மெட் அணியாத தலை சிறு மோதலில்கூட எஃகுக் குழாயில் போய் இடிக்கும். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்துக்குச் செல்வதானாலும் டிரெய்லரிலோ சிறு லாரியிலோ ஏற்றிச் செல்லுங்கள்.