நாற்காலி போடுவதில் இருந்து தொடங்கலாம்: பொது வேலைக்கு வர நினைப்பவர்களுக்குச் சில பதில்கள்

உள்ளூர் முற்போக்கு அமைப்புகளில் இருபது வருடங்களாக இருக்கிறேன். மேடையில் பேசிய நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு முழு நாள் தேறுமா என்பது சந்தேகம்தான். மீதி நேரம் தட்டி எழுதியது, ரசீது போட்டது, போன் செய்தது, கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கியது. "எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும், எப்படி வருவது?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தோழர், எனக்குக் கோபம் வராத விஷயமே இல்லை. சுற்றுச்சூழல், கூலி, பெண்கள் பாதுகாப்பு, கல்வி என்று எல்லாவற்றிலும் ஆர்வம். எதில் தொடங்குவது? (கணினித் துறையில் வேலை, வயது 29)

உங்கள் வீட்டில் இருந்து நடந்தே போகிற தூரத்தில் எது கூடுகிறதோ, அதில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொள்கை நூற்றுக்கு நூறு பொருந்துகிற அமைப்பு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தால், மூன்றாவது வாரமே உங்களுக்குத் தலைவலி வந்துவிடும். முக்கால்வாசி பொருந்துகிற ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தால் அலுப்பாக இருக்கிற நாளிலும் போய்விடுவீர்கள். நூலகத்தின் அறிவிப்புப் பலகை, தொழிற்சங்க அலுவலகம், வாசகர் வட்டம், குடியிருப்போர் சங்கம் என்று நாலு இடத்தில் விசாரித்தால் யாராவது எங்கேயாவது கூடுவது தெரியவரும்.

முதல் முறை போனால் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். பிடித்திருந்தால் கிளம்பும்போது ஒருங்கிணைப்பவரிடம், "அடுத்த முறை எத்தனை மணிக்கு வந்தால் நாற்காலி போட உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். ஆர்வமாக வந்து கருத்து சொல்லிவிட்டுப் போகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். நாற்காலியைப் பற்றிக் கேட்டவர்களின் முகம் மறப்பதில்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. வீடு வீடாகப் போவது என்றால் கை நடுங்குகிறது. என்னால் என்ன பயன்? (கல்லூரி மாணவி)

லாயிஸ் கிப்ஸ் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனல் என்றொரு குடியிருப்பு. ரசாயனக் கழிவைக் கொட்டி மூடிய நிலத்தின் மேலேயே பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த தன் மகனுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனதும், 1978இல் இந்த இளம் தாய் பள்ளியை மூடக் கோரி ஒரு மனுவை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. வந்தவழியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கதவை முகத்தில் அறைந்து சாத்துவார்களோ என்ற பயத்தில் இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் மறுபடியும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1980இல் அந்தக் குடும்பங்களை இடம் மாற்ற மத்திய அரசு நிதி ஒதுக்கியது. நச்சுக் கழிவு இடங்களைச் சுத்தம் செய்வதற்கான தனிச் சட்டமும் அதே ஆண்டு வந்தது.

ஆக, கை நடுங்குவது ஒரு தகுதிக்குறைவே இல்லை. அதோடு, பேச்சு மட்டும்தான் வேலை என்று யார் சொன்னது? அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்தில் கறுப்பின மக்களை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் எல்லோருக்கும் ரோசா பார்க்ஸ் நினைவுக்கு வருவார், மார்ட்டின் லூதர் கிங் நினைவுக்கு வருவார். 1955 டிசம்பர் 1 அன்று வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து ரோசா பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற பேராசிரியர், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கை அடித்தார். பல்லாயிரக்கணக்கில். திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடியதற்கு அந்த ராத்திரி வேலையும் ஒரு காரணம். உங்களுக்கு எழுத வருமா? படம் வரைய? கணக்கு எழுத? கூட்டக் குறிப்பு எழுத ஆள் கிடைத்தால் நாங்கள் கும்பிடாத குறைதான்.

முகநூலில் பகிர்வது, இணையத்தில் மனுவுக்குக் கையெழுத்திடுவது எல்லாம் வீண் வேலையா?

வீண் இல்லை. சேதி பரவ வேண்டுமே. ஆனால் கையெழுத்திட்ட ஆயிரம் பேரில் ஐந்து பேரின் போன் எண் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பகுதியில் அப்படி ஒரு அமைப்பே இல்லை. நானே தொடங்கலாமா?

தாராளமாக. ஆனால் அமைப்புக்குப் பெயர் வைப்பதில் தொடங்காதீர்கள். பெயருக்கும் சின்னத்துக்கும் மூன்று கூட்டம் சண்டை போட்டுவிட்டு நாலாவது கூட்டத்துக்கு ஆள் வராமல் போனதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் சொந்தக் கைங்கரியம்.

அமெரிக்காவில் சீசர் சாவேஸ் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டும்முன் பல வருடங்கள் செய்தது வீட்டுக் கூட்டம். ஃபிரெட் ராஸ் என்பவரிடம் கற்றுக்கொண்ட முறை அது. ஒருவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தங்கள் பிரச்சினையைத் தாங்களே பேசுவார்கள். வந்தவர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தைத் தன் வீட்டில் வைப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. நீங்களும் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். உங்கள் திட்டத்தைச் சொல்லாமல், அவர்களுக்கு எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச நினைத்திருப்பீர்கள். அவர்கள் எரியாத தெருவிளக்கைச் சொல்வார்கள். சரி என்று தெருவிளக்கில் இருந்தே ஆரம்பியுங்கள். விளக்கு எரிந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள். பருவநிலை எங்கேயும் போய்விடாது.

நல்ல அமைப்பா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலாவது பணம். நன்கொடைக்கு ரசீது தருகிறார்களா, உண்டியலை எத்தனை பேர் முன்னால் எண்ணுகிறார்கள், வரவு செலவைக் கூட்டத்தில் வாசிக்கிறார்களா? கணக்குக் கேட்டதும் "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அடுத்தது, பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பது. மேடையில் விடுதலை பேசிவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கழுவ மட்டும் பெண்களைத் தேடுகிற அமைப்புகள் இன்னமும் உண்டு.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. "எங்களுக்குத் தலைவரே கிடையாது, எல்லோரும் சமம்" என்று சொல்வது கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அமைப்பு வடிவமே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, முடிவெடுப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பார்கள், அவ்வளவே என்று பெண்ணியச் செயல்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் 1970லேயே பேசியிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதிப்போம். முடிவு கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும் நாலு நண்பர்களுக்கு இடையே நடக்கும். பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பதவிக்காலம் வைத்து, மாற்றுகிற அமைப்பு பழமையாகத் தெரியலாம். அங்கே கேள்வி கேட்கவாவது ஓர் ஆள் இருப்பார்.

நிகழ்ச்சி நடத்தினால் ஆளே வருவதில்லை தோழர். சுவரொட்டி, துண்டறிக்கை, வாட்ஸாப் எல்லாம் செய்துவிட்டோம்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒருமுறை நாங்கள் இரண்டாயிரம் துண்டறிக்கை அடித்து விநியோகித்துவிட்டு அறுபது நாற்காலி போட்டோம். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் நாங்களே. சிறப்புப் பேச்சாளர் பாவம், காலி நாற்காலிகளைப் பார்த்து "அன்பார்ந்த பெரியோர்களே" என்றார். அடுத்த மாதம் துண்டறிக்கையே அடிக்கவில்லை. ஒரு நோட்டில் நாற்பது பெயர் எழுதி, நாலு பேர் ஆளுக்குப் பத்து என்று பிரித்துக்கொண்டு போன் செய்தோம். இருபது பேருக்கு மேல் வந்தார்கள்.

போனில் எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, வரப் பாருங்கள்" என்றால் "பார்க்கலாம்" என்பார்கள். பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், நமக்கு எல்லோருக்கும் தெரியும். "நாலு மணிக்கு வந்துவிடுவீர்களா? எதில் வருவீர்கள்? கூட யாரையாவது அழைத்து வருகிறீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே அவர்கள் மனதுக்குள் அந்த நாலு மணிக்கு ஓர் இடம் ஒதுங்கிவிடும். முந்தின நாள் இன்னொரு போன். அப்படியும் வருகிறேன் என்றவர்களில் பாதிப்பேர் வந்தால் நல்ல கூட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியையும் அந்தக் கணக்கில் போடுங்கள். இருபது பேர் இருபது நாற்காலியில் இருந்தால் அரங்கு நிறைந்த கூட்டம், அறுபதில் இருந்தால் தோல்வி.

அப்புறம், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று யோசித்தீர்களா? கைக்குழந்தையோடு வருபவருக்கு ஓர் ஓரத்தில் இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டா? மாடியில் கூட்டம் வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார்? இரவு எட்டரைக்கு முடித்தால் தனியாகத் திரும்ப வேண்டிய பெண் என்ன செய்வார்? ஒரு முறை நேரத்தை மாலையில் இருந்து காலைக்கு மாற்றினோம். அதுவரை நாங்கள் பார்த்தே இராத முகங்கள் வந்தன.

முதல்முறையாக ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது.

தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். ஓடினால் கழலாத செருப்பு, தண்ணீர், தினமும் சாப்பிடும் மாத்திரை. அவசரத்துக்கு ஒருவரின் எண்ணை மையால் கையில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், போன் கையில் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும். அனுமதி வாங்கியிருக்கிறார்களா, வழக்கறிஞர் யார் என்று நடத்துபவர்களிடம் கேட்பதில் தவறே இல்லை. அனுமதி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். எடுக்கும் படத்தில் மற்றவர் முகம் இருந்தால் கேட்காமல் பதிவேற்றாதீர்கள். அவருக்கு வேலை போகலாம்.

பயத்தைக் குறைக்க ஒத்திகையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகர மாணவர்கள், கறுப்பினத்தவருக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் தராத கடைகளில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்துவதற்கு முன், ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சிகளில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்கள் திட்டுவார்கள், தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

எத்தனையோ மனு கொடுத்தும் அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை.

மனுவில் என்ன எழுதுகிறீர்கள்? "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று எழுதினால் கோப்பில் வைப்பதே தக்க நடவடிக்கை. எது, எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தில் நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பாதி உழைப்பு போகும்.

ஆவணம் கையில் இருந்தால் நிலைமை வேறு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலிப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். வேலை செய்ததாகப் பெயர் இருந்தவர் கூட்டத்தில் இருந்தே எழுந்து, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்பார். அரசுக் கணக்கை மக்கள் பார்க்க உரிமை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கைதான் வளர்ந்து 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது.

நான் வசதியான குடும்பம். பாதிக்கப்பட்டவர்கள் நடுவில் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது.

கொஞ்சம் கூச்சம் இருக்கட்டும், நல்லதுதான். கேட்டதைச் செய்யுங்கள், கேட்காத யோசனையைக் கொஞ்ச காலம் பையிலேயே வைத்திருங்கள். வண்டி இருந்தால் ஆட்களை ஏற்றி இறக்குங்கள். மாண்ட்கமரி போராட்டம் 381 நாள் தாக்குப்பிடித்தது சுமார் 300 கார்கள் தினமும் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்டதால்தான்.

அரசு வேலையில் இருக்கிறேன். வரலாமா?

உங்கள் பணி விதிகளை முதலில் படியுங்கள். கட்சி சார்ந்த மேடைகளுக்குத் தடை இருக்கலாம். வாசகர் வட்டம், இரத்ததான முகாம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. எழுத்தில் கேட்டுத் தெளிவு வாங்கிவிடுவது நல்லது.

ஆறு வருடம் ஓடிவிட்டேன். இப்போது கூட்டம் என்றாலே அலுப்பாக இருக்கிறது. உள்சண்டை வேறு.

மூன்று மாதம் விடுப்பு எடுங்கள். சொல்லிவிட்டு எடுங்கள், சாவியையும் கணக்கு நோட்டையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு. நான் சொல்லாமல் காணாமல் போனேன் ஒருமுறை. உறுப்பினர் பட்டியல் என் மேசைக்குள் இருந்தது, அமைப்பே ஒரு மாதம் முடங்கிவிட்டது. அதற்கு இன்னமும் பேச்சு வாங்குகிறேன்.

சரி தோழர், அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். என்ன கொண்டுவர?

ஒரு பேனா. வருகைப் பதிவேட்டோடு கட்டிவைத்த பேனாவைக்கூட யாரோ நூலோடு கொண்டுபோய்விட்டார்கள்.