"வராது" என்று எதைச் சொல்கிறோம்?

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில், ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்திலிருந்தே கணக்கு எழுதுகிறேன். டாலி கணக்கு மென்பொருளில் சந்தேகம் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். இப்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எக்ஸெல்லில் ஃபார்முலா போட்டு அரை மணியில் ஜிஎஸ்டி கணக்கைப் பொருத்திவிடுகிறார்கள். நான் போட்டால் பிழை காட்டுகிறது. போன மாதம் ஆபீசில் 'வளரும் மனநிலை' என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். முயன்றால் எதுவும் முடியும் என்றார் வந்தவர். முயன்றும் வரவில்லையே? 42 வயதுக்கு மேல் இதெல்லாம் வருமா? திணறிய ஷீட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகர், வீரவநல்லூர்

அன்புள்ள தம்பி,

வகுப்பில் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கருத்தை முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக். கிளாடியா முல்லரோடு சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர்களில் சறுக்கியதும் சீக்கிரம் துவண்டுபோனார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் முட்டிப் பார்த்தார்கள். டாலியில் கெட்டிக்காரர் என்று நீங்கள் எடுத்த நல்ல பெயரே இப்போது உங்களைக் கட்டிப்போடுகிறது என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளையிடம் போய் 'இது எப்படிம்மா?' என்று கேட்டால் அந்தப் பெயர் போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள்.

முயற்சியை மட்டும் பாராட்டினால் போதாது, ஒரு வழி சரிப்படாவிட்டால் வேறு வழி பார்க்கவும் உதவி கேட்கவும் வேண்டும் என்று டுவெக்கே பின்னாளில் எழுதினார். வகுப்பெடுத்தவர் இதை விட்டுவிட்டார்.

சரி, உங்கள் ஷீட்டுக்கு வருவோம். கொள்முதல் பதிவேட்டில் பில் எண் 0145. ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து இறக்கிய 2பியில், அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலில், அதே பில் 145. உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எக்ஸெல்லுக்கு முதலாவது எழுத்து, இரண்டாவது எண். அதனால்தான் ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் விலுக்கப் ஃபார்முலா, தேடிவிட்டு 'இல்லை' என்று கைவிரிக்கிறது. நீங்கள் போட்ட ஃபார்முலாவில் ஒரு தப்பும் இல்லை! பதிவேட்டுப் பக்கம் வேல்யூ ஃபார்முலா போட்டு எண்ணாக்கினால் அந்த வரி பொருந்திவிடும். ஜிஎஸ்டி எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருந்தால் அதை நீக்க ட்ரிம் ஃபார்முலா. மொத்த எக்ஸெல்லுமே வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வராதது இந்த இரண்டு இடம்தான்.

அப்புறம் இன்னொன்று. பொருந்தாத பில்களின் பட்டியலை அந்தப் பிள்ளைகள் அரை மணியில் எடுத்துவிடுவார்கள். அதில் எது சப்ளையர் தாமதமாக ஏற்றியது, எது வேறொருவர் ஜிஎஸ்டி எண்ணில் போய் விழுந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல, இத்தனை வருடம் பில்லோடு புழங்கிய ஆள் வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து 2பியில் வந்த பில்லுக்குத்தான் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி. எனவே இது கட்சிக்காரரின் பணம். உங்கள் பஸ் போகிற வழியில்தானே பத்தமடை இருக்கிறது? கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுக்கும் ஊரில் இப்போது கோரையில் பைகளும் செய்கிறார்கள். தையலும் மடிப்பும்தான் புதிது, கோரையின் பக்குவம் அவர்களுக்கு எப்போதோ கைவந்தது.

எல்லாப் பாரத்தையும் உங்கள் மனநிலைமேல் ஏற்றவும் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து இந்த மனநிலைப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. பின்தங்கிய மாணவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் சிறியது. கடினமானதைத் தொட்டுப் பார்ப்பதைச் சக மாணவர்கள் மதிக்கிற பள்ளிகளில்தான் அது நிலைத்தது. ஆபீசுக்கும் இது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். ஆடிட்டரிடம் நேராகப் பேசுங்கள். 20ஆம் தேதி 3பி மாதாந்திர வரித் தாக்கல் நெருக்கடி முடிந்ததும் வாரம் இரண்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஏற்கெனவே தாக்கல் செய்து முடித்த ஒரு கட்சிக்காரரின் பழைய மாதக் கணக்கில் பழகுங்கள், தப்பானாலும் நஷ்டமில்லை. பக்கத்தில் அந்தப் பிள்ளைகளில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பில் பார்க்க நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கடிதத்தில் எந்த வரியில் நின்றது என்று எழுதுங்கள். ஷீட்டையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.