அமெரிக்காவுல ஜோ அர்பாயோன்னு ஒரு ஷெரிஃப் மேல ஏன் இவ்ளோ சர்ச்சை?

முதல்ல ஒண்ணு, அங்க ஷெரிஃப்ங்கறது ஒரு கவுண்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) போலீஸ் தலைவர், ஜெயிலும் அவர் கையில, ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற பதவி, அதனால கெடுபிடி காட்டினா ஓட்டு விழும். அரிசோனால ஃபீனிக்ஸ் இருக்கிற மாரிக்கோபா கவுண்டில 1993ல பதவிக்கு வந்த அர்பாயோ 24 வருஷம் அப்படித்தான் ஜெயிச்சாரு. கொளுத்துற பாலைவன வெயில்ல கைதிகளை டென்ட்ல தங்க வச்சாரு, பிங்க் கலர் உள்ளாடை போட வச்சாரு, டிவிக்காரங்களும் அதையே காட்டிட்டு இருந்தாங்க.

உண்மையான பிரச்சனை ரோட்டுல நடந்தது. மெக்சிகோ பார்டர் வழியா பேப்பர் இல்லாம வந்தவங்கள பிடிக்கிறேன்னு லத்தீன் அமெரிக்க முகமா இருந்தாலே வண்டிய நிறுத்தினாங்க, அதுல அமெரிக்க குடிமக்களும் மாட்டினாங்க. இது இனப் பாகுபாடுன்னு 2013ல ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. நிறுத்துங்கன்னு கோர்ட் முன்னாடியே போட்ட உத்தரவையும் மதிக்கல, அதனால 2017ல கிரிமினல் கோர்ட் அவமதிப்புல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, தண்டனை அறிவிக்கிறதுக்கு முன்னாடியே டிரம்ப் மன்னிப்பு கொடுத்துட்டாரு.

எனக்கு ரொம்ப கோபம் வர்றது வேற விஷயத்துல, இந்த வேட்டை நடந்த அதே காலத்துல 400க்கும் மேல பாலியல் குற்றப் புகார்கள் அவர் ஆபீஸ்ல சரியா விசாரிக்காம கிடந்துச்சு, அதுல பாதிக்கப்பட்ட குழந்தைங்களும் உண்டு.

2016 தேர்தல்ல பால் பென்சோன்கிட்ட தோத்தாரு, புது ஷெரிஃப் டென்ட் ஜெயிலை மூடிட்டாரு.