டென்னிஸ் வீரர் நடாலின் ஓய்வு உங்களை ஏன் இவ்வளவு பாதித்தது?
பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டி ஜூன் தொடக்கத்தில் வரும். மார்த்தாண்டத்தில் அது இடவப்பாதி மழை நேரம். கரண்ட் போய்ப் போய் வர, அப்பாவும் நானும் நடாலைப் பார்ப்போம்.

பிரெஞ்சு ஓபன் நடப்பது மண்தரையில். அங்கே பந்து மெதுவாகி, உயர எழும்பும். அதில் அவர் இடது கையால் டாப்ஸ்பின் கொடுத்தால், அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிட்டு அடித்தால், எதிரே நிற்கும் வலது கைக்காரரின் பேக்ஹேண்டில், அதாவது அவருடைய இடது பக்கத்தில், தோள் உயரத்துக்கு ஏறிவிடும். அங்கிருந்து ஓங்கி அடிப்பது ரொம்பக் கஷ்டம். பிரெஞ்சு ஓபனில் மட்டும் 14 பட்டங்கள்! இத்தனைக்கும் எழுதுவதெல்லாம் வலது கையால்தான்.

2022-ல் அங்கே வலி தெரியாமலிருக்கப் பாதத்தில் ஊசி போட்டுக்கொண்டு ஜெயித்தார். உட்காரும்போதெல்லாம் இரண்டு பாட்டில்களையும் குனிந்து, லேபிள் பார்த்து நேராக வைப்பார். 2024 நவம்பரில் ஸ்பெயினின் மலாகாவில் அவர் தன் கடைசி ஆட்டத்தில் தோற்றபோது, அப்பா டிவியை அணைக்கவே விடவில்லை.