பூஸ்ட்டை ஏற்றுவதா, எக்ஸாஸ்ட்டை மாற்றுவதா: எது முதலில்?

டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினைக் கெடுக்காமல் பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றி, எக்ஸாஸ்ட்டையும் (புகைக்குழாய்) மாற்ற எந்த வரிசை சரி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எக்ஸாஸ்ட். அதிலும் டர்போவை ஒட்டி இறங்கும் டவுன்பைப்தான் முக்கியம். பின்னால் தெரியும் மஃப்ளரை மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் மாறும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றவே வேண்டாம், புகை எளிதாகப் போகவிடும் நல்ல ஹை ஃப்ளோ வகையே போதும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புகை போக வழி தாராளமானதும் சிறிய வேஸ்ட்கேட்டால் (புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) சமாளிக்க முடியாமல், நீங்கள் எதையும் தொடாமலேயே பூஸ்ட் ஏறிக்கொண்டே போகலாம். அதனால் டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) வைத்து பூஸ்ட் மீட்டரைக் கவனியுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, உடனே காலை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பூஸ்ட். ஒரு தடவைக்கு 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), அதற்கு மேல் வேண்டாம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், ஆகவே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவை ட்யூனிங் செய்வது கட்டாயம். முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதம் பொதுவாக 11.5 முதல் 12 வரை இருக்கட்டும். இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் இதை ஊகிக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது நாக்கிங்குக்குத்தான், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பதற்கு. கடுமையாக இருந்தால் பிஸ்டன் உடையச் சில நொடிகள் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் பூஸ்ட்டைக் குறையுங்கள். அலுமினியத் துகள் மின்னினால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.